நூலகத்தில் களையெடுப்பு: பழைய நூல்களைப் பொறுப்புடன் கழித்தல்

நூலகத்தின் இருப்பிலிருந்து நூல்களை நிலையாக நீக்குவதை நூலகத் துறையினர் களையெடுப்பு என்றும் நூல் கழிப்பு என்றும் சொல்வர். கிழிந்தவை, காலம் கடந்தவை, தேவைக்கு மேல் பிரதி உள்ளவை, நெடுங்காலம் எவரும் தொடாதவை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, பதிவேட்டில் குறித்து, உரிய இடத்துக்கு அனுப்பும் வரையிலான வேலைகள் அனைத்தும் இதில் அடங்கும். நூல் வாங்குவதற்குத் தேர்வுக்குழு, பட்டியல், விலைப்புள்ளி, ஒப்புதல் என ஒழுங்கான நடைமுறை உண்டு. கழிப்பதற்கு அப்படி எழுதிவைத்த நெறி பல நூலகங்களில் இருப்பதில்லை. அதனால் இரண்டு தவறுகள் மாறிமாறி நேர்கின்றன. எதையும் கழிக்காமல் அடுக்குகள் பிதுங்க விடுவது ஒன்று. இடநெருக்கடி முற்றிய ஒரு நாளில் மூட்டை மூட்டையாக எடைக்குப் போடுவது மற்றொன்று. இரண்டிலும் இழப்பு வாசகருக்குத்தான்.

வளரும் உயிர்

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். அவற்றில் ஐந்தாவது, நூலகம் ஒரு வளரும் உயிர் என்பது. உயிருள்ள எதுவும் புதியதை ஏற்கும், பழையதை விடும், காலத்துக்கேற்ப வடிவம் மாறும். இந்த விதியில் களையெடுப்புக்கான நியாயம் அடங்கியிருக்கிறது. நான்காவது விதி வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. பத்துப் பழைய பதிப்புகளுக்கு நடுவே ஒரு புதிய பதிப்பைத் தேட வைக்கும் அடுக்கு அந்த விதியையும் மீறுகிறது.

நெரிசலான அடுக்கில் நல்ல நூல் மறைந்துபோகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகளும் உண்டு. இரவல் போகும் நூல்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு, மொத்த இருப்பின் 20 விழுக்காட்டிலிருந்தே போகிறது என்று ரிச்சர்ட் ட்ரூஸ்வெல் 1969இல் எழுதினார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஆலன் கென்ட் குழுவினர் நடத்தி 1979இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. அந்நூலகம் 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று அது காட்டியது.

இந்தியாவில் நூலகர்களின் தயக்கத்துக்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று பண்பாடு சார்ந்தது. காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் உள்ள சமூகத்தில், புத்தகத்தைக் குப்பையாகக் காண மனம் ஒப்புவதில்லை. மற்றொன்று தணிக்கை அச்சம். நூல் அரசுச் சொத்தாகப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஒன்று குறைந்தாலும் அதன் விலை தன் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுமோ என்று நூலகர் அஞ்சுகிறார்.

ஆனால் நூலின்மீதுள்ள பக்தி மட்டும் நூலைக் காப்பாற்றிவிடாது. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்ற உ. வே. சாமிநாதையருக்கு, அங்கிருந்த சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள், ஆகம முறை அதுதானாம் என்ற பதிலே கிடைத்தது. அதைத் தம் தன்வரலாற்றில் அவர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். ஏடுகளைத் தீயிலிட்டவர்கள் அவற்றை அவமதிக்கவில்லை, மரியாதையோடுதான் செய்தார்கள். இந்த ஏட்டுக்கு வேறெங்காவது பிரதி இருக்கிறதா என்ற ஒரு கேள்வியைத்தான் கேட்கத் தவறினார்கள். பொறுப்பான கழிப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

எதைக் கழிப்பது

கழிப்புக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படும் வழிகாட்டி, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஜோசப் சீகல் 1976இல் வகுத்த ‘க்ரூ’ முறை. அதில் ஆறு அளவுகோல்கள் உள்ளன. அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘மஸ்டி’ என்பர். தவறான செய்தி தருவது, உருக்குலைந்தது, புதிய பதிப்பால் இடம் இழந்தது, பொருட்சிறப்பு இல்லாதது, அந்த ஊர் வாசகருக்குத் தொடர்பில்லாதது, வேறிடத்தில் எளிதில் கிடைப்பது என்பவை அந்த ஆறு. இவற்றோடு துறைவாரியாக இரண்டு எண்களும் தரப்படுகின்றன. முதல் எண் நூல் வெளியாகி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது. இரண்டாவது எண் கடைசியாகப் பயன்பட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது. மருத்துவ நூலுக்கு 5, 3. கணினி நூலுக்கு 3 ஆண்டு முடிந்தாலே போதும், பயன்பாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வரம்பைத் தாண்டிய நூலை எடுத்துப் பரிசீலிக்க வேண்டும் என்பதே எண்களின் பொருள். தாண்டிய நூலையெல்லாம் தூக்கிப்போட அவை அனுமதி தரவில்லை.

ஆறு அளவுகோல்களில் முதலாவது உயிர்ப்பிரச்சினை. குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்துத் தூங்கச் செய்யுமாறு 1950களிலிருந்து பல ஆண்டுகள் குழந்தை வளர்ப்பு நூல்கள் அறிவுரை சொல்லிவந்தன. அப்படிப் படுக்க வைப்பது கைக்குழந்தைகளின் திடீர் மரணத்துக்கு வழிவிடுகிறது என்று பின்னர்த் தெரிந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992இல் அந்த அறிவுரையை மாற்றியது. பழைய பதிப்பு ஒன்று இன்றும் பொது நூலக அடுக்கில் இருந்தால், அதை எடுத்துப் படிக்கும் இளம் தாய்க்கு இந்த வரலாறு தெரிய வழியில்லை. நூலகம் அடுக்கில் வைத்திருப்பதே அதற்குத் தரும் சான்றிதழாக வாசகர் கொள்கிறார்.

தேர்வு நூல்களின் நிலையும் இதற்கு நெருக்கமானது. தமிழகப் பொது நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்போர் கூட்டம் பெரிது. மாநிலத்தில் 32 மாவட்டங்கள் என்று சொல்லும் வழிகாட்டி 2019 தொடக்கம்வரை சரி. 2020 இறுதியில் மயிலாடுதுறையோடு எண்ணிக்கை 38 ஆகிவிட்டது. ஒரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவும் தேர்வுக்குப் படிப்பவர் கையில் அந்த வழிகாட்டியைத் தருவது உதவியாகாது.

பழமை வேறு, பயனின்மை வேறு

ஆண்டுக்கணக்கை மட்டும் வைத்துக் கழித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அர்பானா நகரப் பொது நூலகத்தில் நடந்தது பாடம். பத்து ஆண்டுக்கு முந்தையவை என்ற பட்டியலை அடிப்படையாகக் கொண்டு ஆயிரக்கணக்கான நூல்கள் அவசரமாக அகற்றப்பட்டன. கலை, தோட்டக்கலை, சமையல் போன்ற, ஆண்டானாலும் பயன் குன்றாத துறைகளும் தப்பவில்லை. ஊர்மக்கள் கொதித்தெழுந்தனர், அனுப்பப்பட்ட நூல்களில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

சட்ட நூல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் விளக்க நூல் அன்றே காலாவதி ஆனதுபோல் தோன்றும். ஆனால் அந்தத் தேதிக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டு நடக்கும். ஆகவே கிளை நூலகத்தில் ஐந்து பிரதி இருந்தால் நான்கைக் கழிக்கலாம். ஒன்றை, இது பழைய சட்டம் என்று அட்டையில் ஒட்டி வைத்திருப்பதே முறை. சட்டக் கல்லூரி நூலகத்திலோ எந்தப் பதிப்பும் கழிவாகாது. ஒரே நூல் ஓரிடத்தில் களையாகவும் இன்னோரிடத்தில் பயிராகவும் இருக்கிறது.

தமிழில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை போன்ற எழுத்துகள் கொம்புபோல் வளைந்த பழைய வடிவில் இருக்கும். இளம் வாசகர் அவற்றை ஒதுக்கிவிடுவதால் அவற்றின் இரவல் கணக்கு பூச்சியமாகவே தெரியும். பழுத்த தாள், தளர்ந்த தையல், நெடுநாள் எவரும் தொடாமை என ‘மஸ்டி’ அளவுகோல்கள் பலவற்றுக்கும் அந்த நூல் பொருந்தி நிற்கும். அதேவேளை மறுபதிப்புக் காணாத ஒரு படைப்பின் எஞ்சிய சில பிரதிகளில் ஒன்றாகவும் அது இருக்கக்கூடும். பழைய பள்ளிப் பாடநூல், பஞ்சாங்கம், கோயில் குடமுழுக்கு மலர், சங்கத்தின் ஆண்டறிக்கை ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். நேற்றுவரை குப்பை, நாளை வரலாற்றுச் சான்று.

இதைத் தனியொருவராக உணர்ந்தவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர் நூல், இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைத் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. சென்னையிலேயே அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. மற்றவர் வேண்டாமென்று விட்ட தாள்களைக் கொண்டு இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதப்படுகிறது.

கடைசிப் பிரதி

நூலைக் கழிக்கும் முன், வேறு பிரதி எங்கே இருக்கிறது என்று உறுதி செய்வது முதல் கடமை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா பொது நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகிய நான்குக்கும் போக வேண்டும். எல்லாப் பதிப்பாளரும் அனுப்புவதில்லை. சட்டம் இருப்பதால் பிரதியும் இருக்கும் என்று கொள்ளாமல், இந்நூலகங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். தமிழ் நூலுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், இலங்கைத் தமிழ் நூலுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

மின்வடிவம் இருந்தால் அச்சுப்பிரதி வேண்டாம் என்ற முடிவும் ஆபத்தானது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நூலகங்கள் செய்தித்தாள் தொகுதிகளை நுண்படலத்தில் படமெடுத்துவிட்டு மூலத்தைக் கழித்தன. பக்கம் விடுபட்டதும், வண்ணப்படம் கறுப்பாய்ப் பதிந்ததும், எழுத்து மங்கியதும் பின்னரே தெரிந்தன. தாளின் மூலையை முன்னும் பின்னும் மடித்து, முறிந்தால் நூலே அழியப்போகிறது என்று கருதிய சோதனையையும் எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 2001இல் வெளியான நூலில் கடுமையாக விமர்சித்தார். மூலையில் முறியும் தாள், மெல்லப் புரட்டினால் இன்னும் பல்லாண்டு படிக்கத் தாங்கும் என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் நூலகம் 1999இல் விற்ற அமெரிக்கச் செய்தித்தாள் தொகுதிகளை வாங்கிக் காப்பகம் அமைத்த அவர், 2004இல் அதை டியூக் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். சான்பிரான்சிஸ்கோ பொது நூலகம் 1996இல் புதிய கட்டடத்துக்குப் போனபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் குப்பைமேட்டுக்குச் சென்றன என்று குற்றம்சாட்டியவரும் அவரே.

இந்தச் சிக்கலைத் தனி நூலகம் தீர்க்க முடியாது; கூட்டாகத் தீர்த்த நாடுகள் உண்டு. பின்லாந்து 1989இல் குவோபியோ நகரில் தேசிய வைப்பு நூலகம் ஒன்றை அமைத்தது. நாட்டின் நூலகங்கள் தங்களுக்கு வேண்டாதவற்றை அங்கே அனுப்புகின்றன. கேட்பவருக்கு அங்கிருந்து இரவல் வருகிறது. பிரிட்டனில் 2007இல் தொடங்கிய ஆய்வு இருப்புத் திட்டத்தில், அச்சு ஆய்விதழ் ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி நாட்டில் நிலைத்திருப்பதை உறுதி செய்த பிறகே உறுப்பு நூலகம் தன் பிரதியைக் கழிக்க முடிந்தது. அப்படியும் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அடுக்கிடம் மிச்சமானது. இடத்தையும் காக்கலாம், நூலையும் காக்கலாம் என்பதற்கு இது சான்று.

மேசைமேல் ஒரு நூல்

கழிப்பு நடைமுறை அடுக்கின் முன் தொடங்கி மேசையில் முடிகிறது. நூலை எடுத்ததும் முதலில் பின்னட்டையின் உட்புறத் தேதிச் சீட்டைப் பார்ப்பார்கள். கடைசி முத்திரையின் ஆண்டு அதில் இருக்கும். முத்திரையே இல்லாத நூல் படிக்கப்படவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. உள்ளேயே உட்கார்ந்து படிப்பவர் முத்திரை வாங்குவதில்லை. ஓரத்தில் படிந்த விரல் அழுக்கும், தானாக விரியும் பக்கமும் அதைச் சொல்லும். அடுத்து, முதுகைத் தடவித் தையல் இற்றிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பக்கங்களில் இராமபாணம் துளைத்த வழி, கரையானின் மண்தடம், பூஞ்சணத்தின் புழுங்கிய வாடை ஆகியவற்றைச் சோதிப்பார்கள். பூஞ்சணம் பிடித்த நூலை உடனே நெகிழிப் பையில் கட்டிப் பிரித்துவைக்க வேண்டும். அதன் நுண்வித்துகள் பக்கத்து நூல்களுக்கும் படிப்பவரின் மூச்சுக்கும் தாவும்.

பிறகு நூல் நான்கு வழிகளில் ஒன்றுக்குப் போகும்: அடுக்குக்குத் திரும்புவது, நூற்கட்டுக்கு அனுப்புவது, வைப்பறைக்கு மாற்றுவது, கழிப்பது. முடிவு ஒருவரிடம் விடப்படாமல், நூலகரும் அந்தத் துறை அறிந்தவரும் வாசகர் சார்பாளரும் உள்ள குழுவிடம் இருப்பது நல்லது. கழிக்க முடிவான நூற்பட்டியலைச் சில வாரம் வாசகர் பார்வைக்கு வைத்தால், அரிய நூல் தவறிப்போவதை உள்ளூர் அறிஞர் ஒருவர் தடுக்கக்கூடும். ஓலைச்சுவடி, கையெழுத்துப்படி, நூலாசிரியர் கையொப்பமிட்ட பிரதி, உள்ளூர் வரலாற்று நூல் ஆகியவை இந்தப் பட்டியலிலேயே சேரக் கூடாது. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டு பழமையான சுவடிகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் பாதுகாப்பிலும் வருகின்றன.

கழிப்பது உறுதியானதும் சேர்க்கைப் பதிவேட்டில் அந்த நூலின் எண்ணுக்கு எதிரே கழித்த தேதியும் ஆணை எண்ணும் எழுதப்படும். கணினிப் பட்டியலிலிருந்தும் நீக்கப்படும்; இல்லையேல் இல்லாத நூலைத் தேடி வாசகர் அலைவார். நூலகத்தின் ஒவ்வொரு முத்திரைமீதும் ‘கழிக்கப்பட்டது’ என்ற முத்திரை விழ வேண்டும். அது இல்லாமல் வெளியே போகும் நூல் திருட்டு நூலாகவே கருதப்படும்.

தணிக்கை அச்சத்துக்கும் இந்தப் பதிவே மருந்து. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், 20,000 நூல் வரையுள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பைக் கோருகின்றன. இரவலிலும் பார்வையிலும் புழங்கும் 1000 நூலுக்கு ஆண்டில் 5 வரை தொலைவதை, நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமில்லை எனில், இயல்பான இழப்பாக ஏற்கின்றன. 1000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும், விலை எதுவாயினும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்கச் சொல்கின்றன. நூலின் மதிப்பை விலையால் மட்டும் அளக்கக் கூடாது என்பதை நிதி விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது.

போய்ச் சேரும் இடம்

கழித்த நூலுக்கு முதல் உரிமை பிற நூலகங்களுக்கு. ஓரிடத்தில் மிகையான பிரதி இன்னோரிடத்தில் இல்லாத பிரதியாக இருக்கும். அடுத்தது வாசகர் விற்பனை. குறைந்த விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் புதிய நூல் வாங்கலாம். மூன்றாவது நன்கொடை. இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். நகர வாசகருக்குத் தவறான செய்தி தரும் மருத்துவ நூல் சிற்றூர்ப் பள்ளிக்கும் தவறான செய்தியையே தரும். பிழையானதையும் பூஞ்சணம் பிடித்ததையும் அனுப்பிவிட்டுத் தானம் என்று சொல்வது, குப்பை அள்ளும் வேலையை ஏழைப் பள்ளியின் தலையில் கட்டுவதாகும். கேட்டு, பட்டியல் அனுப்பி, அவர்கள் தேர்ந்ததை மட்டும் தருவதே நன்கொடை.

எவருக்கும் பயன்படாதவை மறுசுழற்சிக்குப் போக வேண்டும். கெட்டி அட்டை நூலை அப்படியே கூழாக்க முடியாது. அட்டை, துணி, பசை படிந்த முதுகு ஆகியவற்றை வெட்டி நீக்கி, உள்தாளை மட்டும் பிரிக்க வேண்டும்; பசை கூழில் கலந்தால் புதிய தாளில் ஒட்டுத் திட்டாக நிற்கும். கரூர் அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் தமிழ்நாடு காகித ஆலையில், பழைய தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் உண்டு. பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடும் வழக்கத்தில் ஒரு கேடு ஒளிந்திருக்கிறது. கடலைப் பொட்டலமாகவும் வடைக்குத் தாளாகவும் அந்தப் பக்கங்கள் மாறும்போது அச்சு மை உணவில் ஏறுகிறது. செய்தித்தாள் போன்ற அச்சுத்தாளில் உணவு பொதிவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. ஆகவே நேரடியாகக் கூழாக்கப்படும் என்று எழுத்தில் உறுதி தருபவரிடமே தாளை ஒப்படைக்க வேண்டும்.

காகிதம் அல்லாதவற்றுக்குத் தனி வழி வேண்டும். குறுந்தகடு பாலிகார்பனேட்டும் அலுமினியப் பூச்சும் கொண்டது, தாளோடு கலக்கலாகாது. அசிட்டேட் படலம் சிதையும்போது காடி வாடை வீசும். அதைப் பிரித்து வைத்தால்தான் மற்றவை பிழைக்கும். பழைய நைட்ரேட் படலம் எளிதில் தீப்பற்றும் என்பதால் வல்லுநரையே நாட வேண்டும். கணினியும் ஒலிப்பதிவுக் கருவியும் மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குப் போக வேண்டும். போகும் முன் வாசகரின் பெயரும் அவர் படித்த நூற்பட்டியலும் வன்தட்டிலிருந்து முற்றாக அழிக்கப்பட வேண்டும்.

கழித்த நூலுக்கு நல்ல இடம் தேடிக்கொடுத்தால் என்ன விளையும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளைப் பயிற்றுவித்த இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரி 1858இல் மூடப்பட்டபின், அதன் நூலகத்தில் மிகையாக இருந்த நூல்கள் 1860களின் தொடக்கத்தில் சென்னை அரசுக்கு அனுப்பப்பட்டன. அரசு அவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்திடம் கொடுத்தது. அந்த நூல்களிலிருந்து தொடங்கி வளர்ந்து, 1896 டிசம்பர் 5இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதுதான் கன்னிமாரா பொது நூலகம்.